கடனை அடைக்கச் செலவு குறைந்த ஊருக்குக் குடிபெயரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் தவறாமல் தவணை கட்டுகிறீர்கள், அசல் மட்டும் நகர மறுக்கிறது. சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கும் வட்டிக்கும் போய்விடுகிறது. இப்படி மாட்டிக்கொண்ட பலருக்கும் ஒரு கட்டத்தில் வரும் எண்ணம், ‘செலவு குறைந்த ஊருக்குப் போய்விட்டால் என்ன?’ என்பது. நல்ல எண்ணம்தான். பலருக்கு அது கைகொடுக்கும், சிலரை இன்னும் ஆழமாகச் சிக்கவைக்கும். எந்தப் பக்கம் போகும் என்பதை வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கீழே உள்ள கணக்குகளில் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நாணயத்தில், உங்கள் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை குறைந்தால் கடன் சீக்கிரம் அடைந்துவிடும் அல்லவா?

வாடகை குறைந்தால் மட்டும் போதாது. மாதக் கடைசியில் கையில் நிற்கும் மீதி கூட வேண்டும். ஊர் மாறும் முடிவில் பார்க்க வேண்டிய ஒரே எண் அந்த மீதிதான்.

வருமானம் 100, கடன் தவிர்த்த செலவு 80, மீதி 20 என்று வைத்துக்கொள்வோம். கடன் 600, வட்டி மாதத்துக்கு 2 சதவீதம். முதல் மாதம் நீங்கள் கட்டும் 20இல் 12 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 8 மட்டும். இதே வேகத்தில் கட்டினால் கடன் அடைய 47 மாதங்கள் ஆகும். வட்டியாக மட்டும் ஏறத்தாழ 325 கொடுத்திருப்பீர்கள்.

இப்போது ஊர் மாறுகிறீர்கள். வருமானம் 85 ஆகக் குறைகிறது, செலவோ 50 ஆக இறங்குகிறது. மீதி 35. முதல் மாத வட்டி அதே 12தான். ஆனால் அசலில் 23 குறைகிறது. மீதி இரண்டு மடங்குகூட ஆகவில்லை, அசல் கரையும் வேகம் ஏறக்குறைய மூன்று மடங்கு. வட்டி தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு காசும் நேராக அசலில் இறங்குகிறது. 47 மாதக் கடன் 22 மாதத்தில் முடியும், வட்டி 142 அளவில் நிற்கும். குடிபெயர்வதற்கு இருக்கும் உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதே உதாரணத்தில் மீதி 12 மட்டுமே என்றால், காலம் முழுவதும் கட்டினாலும் அசல் அசையாது. உங்கள் நிலைமை இதற்குப் பக்கத்தில் இருந்தால், ஊர் மாறுவதையோ வேறு வழியையோ உடனே யோசிக்க வேண்டும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட நேரமில்லை.

சம்பளம் குறையும் என்று தெரிந்தும் போகலாமா?

போகலாம். சம்பளம் இறங்குவதைவிடச் செலவு அதிகமாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். பலர் சம்பளம் குறைவதை ஒரு படி இறங்குவதாக நினைத்து அந்த இடத்திலேயே யோசனையைக் கைவிட்டுவிடுகிறார்கள். மேலே உள்ள உதாரணத்தில் 15 குறைந்த சம்பளம்தான் கடனைப் பாதிக் காலத்துக்குள் முடித்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் புதிய ஊரில் வருமானம் 70 ஆக விழுந்துவிட்டால் மீதி மறுபடியும் 20தான். குடிபெயர்ந்த செலவு 60 கடனோடு சேர்ந்து, கடன் 660 ஆகியிருக்கும். இப்போது அடைக்க 55 மாதங்கள் வேண்டும். போகாமலே இருந்திருந்தால் 47 மாதத்தில் முடிந்திருக்கும். செலவு 80இலிருந்து 50 ஆகக் குறைந்தும் நிலைமை முன்னைவிட மோசமாகிவிட்டது.

வேலையை உறுதி செய்துகொள்ளாமல் ஊர் மாறாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ‘போய்த் தேடிக்கொள்ளலாம்’ என்பது சேமிப்பு இருப்பவர்கள் எடுக்கும் துணிச்சல். கடனில் இருப்பவருக்கு வேலையில்லாத இரண்டு மாதங்கள் என்றால் இரண்டு மாதச் செலவும், இரண்டு மாத வட்டியும், தவறிய தவணைக்கான அபராதமும் ஒன்றாக வந்து சேரும்.

குடிபெயரும் செலவை எப்படிக் கணக்கிடுவது?

வண்டி வாடகையோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் சின்னத் தொகைதான். புதிய வீட்டுக்கு முன்பணம், பழைய வீட்டு ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறித்தால் அபராதம், பழைய முன்பணம் திரும்பி வரும்வரை ஏற்படும் இடைவெளி, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கும் ஒரு மாதம், இணைய இணைப்பு, மின்சார இணைப்பு, புதிய சம்பளம் வந்து சேரும்வரை சாப்பாடு, இடையில் சம்பளமில்லாமல் போகும் நாட்கள். எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள்.

கூட்டிய தொகையை, மாதா மாதம் கூடப்போகும் மீதியால் வகுங்கள். செலவு 60, மீதி 20இலிருந்து 35 ஆகிறது, அதாவது மாதம் 15 கூடுகிறது என்றால், நான்கு மாதத்தில் செலவு திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் லாபம் தொடங்கும். இந்தக் காலம் ஆறு மாதத்துக்குள் வந்தால் நன்று. ஒரு வருடத்தைத் தாண்டினால் நான் தயங்குவேன். கணக்கில் வராத செலவுகள் கட்டாயம் வரும், அவை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

கையில் பணமில்லாமல் இந்தச் செலவையும் கடனாகவே வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள். கடன் 10 சதவீதம் கூடினால், அதே மாதங்களில் அடைப்பதற்கே மீதியும் 10 சதவீதம் கூட வேண்டும். 600, 660 ஆனால் 20 இருந்த இடத்தில் 22 கட்டினால்தான் பழைய வேகமாவது கிடைக்கும். மேலே சொன்ன நல்ல உதாரணத்தில் அந்த 60ஐயும் கடனாக வாங்கினால்கூட 24 மாதத்தில் முடிகிறது, மொத்தமாகக் கொடுப்பதும் போகாமல் இருந்ததைவிட 88 அளவுக்குக் குறைவு. அதாவது, மீதி நன்றாகக் கூடினால் செலவு பெரிய பொருட்டில்லை. மீதி கொஞ்சமாகக் கூடும் இடத்தில் அதே செலவு எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

சாமான்களைக் கொண்டுபோவதா, விற்பதா?

பெரிய சாமான் ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: கொண்டுபோக ஆகும் செலவு, இங்கே விற்றால் கிடைக்கும் தொகை, அங்கே பழையதாக வாங்கினால் ஆகும் விலை. பழைய சோபாவுக்கு வண்டியில் பிடிக்கும் இடமே அதன் விலையைவிட அதிகமாக இருக்கும். துணி துவைக்கும் இயந்திரமும் ஃபிரிட்ஜும் பெரும்பாலும் கூட வருவதே நல்லது. விற்ற பணம் வந்த அன்றே கடனுக்குப் போகட்டும். கையில் வைத்தால் புதிய வீட்டுத் திரைச்சீலையாக மாறிவிடும்.

செலவு குறைந்த ஊரில் எல்லாமே மலிவாக இருக்குமா?

இருக்காது. எது மலியும், எது மலியாது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. வீட்டு வாடகை, முடிதிருத்தம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், பழுது பார்க்கும் கூலி போன்றவற்றை ஓர் ஊரில் வாங்கி இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் அவற்றின் விலை அந்தந்த ஊரின் வருமானத்தையும் நிலத்தின் மதிப்பையும் ஒட்டி நிற்கும். கைபேசி, மருந்து, எரிபொருள், மின்சாதனம் போன்றவை எங்கும் விற்கக்கூடிய சரக்குகள். ஊருக்கு ஊர் அவற்றின் விலை பெரிதாக மாறாது. பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1964இல் தனித்தனியே இதே அடிப்படையில்தான் பணக்கார நாடுகளில் ஏன் சேவைகளின் விலை அதிகம் என்று விளக்கினார்கள். நாடுகளுக்கு இடையே சொன்ன அந்தக் காரணம், ஊர்களுக்கு இடையிலும் பெருமளவு பொருந்துகிறது.

ஆகவே உங்கள் செலவுப் பட்டியலை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். வாடகையும் சேவைகளும் பெரும்பங்கு என்றால் ஊர் மாற்றம் நிறைய மிச்சம் தரும். தொடர் மருந்து, காப்பீட்டுத் தவணை, வெளியூரில் படிக்கும் பிள்ளையின் கட்டணம் இவைதான் பெரும்பங்கு என்றால், எந்த ஊருக்குப் போனாலும் அவை கூடவே வரும். இணையத்தில் கிடைக்கும் ‘வாழ்க்கைச் செலவு ஒப்பீடு’ பட்டியல்கள் ஒரு சராசரி மனிதருக்காகப் போடப்பட்டவை. அவற்றை ஊரைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தலாம், முடிவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

சில செலவுகள் சின்ன ஊரில் கூடவும் செய்யும். பொதுப் போக்குவரத்து இல்லாத இடத்தில் வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டிக் கடனின் தவணை, எரிபொருள், காப்பீடு, பழுது எல்லாம் சேர்ந்து வாடகையில் மிச்சமானதை எடுத்துக்கொண்டுவிடும். சிறப்பு மருத்துவம் தேவைப்படுபவர் வீட்டில் இருந்தால் மருத்துவமனைக்குப் போய்வரும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

வேலையை விடாமல், நகரத்தைத் தாண்டித் தள்ளிப் போய்த் தினமும் வந்துபோனால்?

பயணச் செலவைக் கழித்தும் மீதி கூடுகிறது என்றால் கணக்கு சரிதான். மனிதர்கள் இதில் தவறாகக் கணிப்பது பணத்தை விட நேரத்தைத்தான். புருனோ ஃபிரே, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற ஆய்வாளர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகளாகச் சேகரிக்கப்பட்ட குடும்பத் தரவுகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட தூரம் பயணம் செய்பவர்கள் குறைந்த வாடகையாலோ கூடிய சம்பளத்தாலோ ஈடு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆனாலும் அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது என்று அவர்கள் கண்டார்கள்.

கடன் அடைப்பவருக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மாலையில் செய்திருக்கக்கூடிய பகுதிநேர வேலைக்கும், வீட்டில் சமைப்பதற்கும் வேண்டிய நேரம் சாலையில் போய்விடுகிறது. களைத்து வீடு சேர்பவர் வெளியே வாங்கித்தான் சாப்பிடுவார். இரண்டு வருடம் இதைத் தாங்க முடியுமா என்று, ஒரு வாரம் அந்தத் தூரத்தை அதே நேரத்தில் போய்வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். எனக்கு இது எளிதுதானே?

எளிதுதான். சம்பளம் அப்படியே இருக்க, செலவு மட்டும் இறங்குவதைப் போல நல்ல வாய்ப்பு வேறில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊழியர் வசிக்கும் இடத்தைப் பொறுத்துச் சம்பளத்தை மாற்றியமைக்கும் நிறுவனங்கள் உண்டு. சொல்லாமல் போய்ப் பிறகு தெரியவந்தால், சம்பளம் குறைவதோடு நம்பிக்கையும் போகும். மீண்டும் அலுவலகத்துக்கு வரச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் ஒரு பதில் வைத்திருங்கள்.

வேறு நாட்டுக்கே போய்விட்டால்?

அங்கே சம்பாதிக்கச் சட்டப்படி அனுமதி இருந்து, வேலையும் கையில் இருந்தால் யோசிக்கலாம். கூடுதலாக மூன்று விஷயங்கள் சேரும். முதலாவது நாணய மதிப்பு. கடன் ஒரு நாணயத்திலும் சம்பளம் இன்னொன்றிலும் இருந்தால், சம்பள நாணயம் 10 சதவீதம் விழுந்தாலே உங்கள் கடன் அந்தக் கணக்கில் 11 சதவீதம் ஏறிவிடும். அடுத்தது வரி. பல நாடுகளில் ஆண்டில் 183 நாட்கள் தங்கினால் அங்கே வரி செலுத்தும் குடியிருப்பாளராகக் கருதப்படுவீர்கள். மூன்றாவது, பணம் அனுப்பும் கட்டணம். சிறு சிறு தொகையாக அனுப்பினால் அது தவணைக்குத் தவணை கரைக்கும்.

ஏஜெண்டுக்குப் பெரிய தொகை கொடுத்து, அதற்காகவே புதுக் கடன் வாங்கிக்கொண்டு போவது நான் மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் அடங்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பெற்றோர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ போய்த் தங்கலாமா?

இடமும் மனமும் இருந்தால் இதைவிட வேகமான வழி இல்லை. வாடகையும் முன்பணமும் ஒரேயடியாக மறைந்துவிடும். போவதற்கு முன்பே மூன்றைப் பேசி முடியுங்கள்: எத்தனை மாதம், வீட்டுச் செலவுக்கு உங்கள் பங்கு எவ்வளவு, வீட்டு வேலையில் உங்கள் பொறுப்பு என்ன. ‘நம் வீடுதானே, என்ன கணக்கு’ என்று ஆரம்பிக்கும் ஏற்பாடுதான் ஆறாவது மாதம் மனக்கசப்பில் முடியும். தொகை சிறியதாக இருந்தாலும் மாதம் பிறந்ததும் கொடுங்கள். கொடுக்கும் உங்களுக்கும் அது தலைநிமிர்வைத் தரும்.

சொந்த வீடு இருக்கிறது. விற்பதா, வாடகைக்கு விட்டுப் போவதா?

வாடகையாக வரும் தொகையிலிருந்து வீட்டுக் கடன் தவணை, வரி, பராமரிப்பு, ஆளில்லாமல் கிடக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் கழியுங்கள். மீதி இருந்தால் வாடகைக்கு விடலாம். கையிலிருந்து போட வேண்டியிருந்தால், கடன் சுமையோடு வீட்டையும் சுமக்கிறீர்கள்.

விற்பது பெரிய முடிவு. வீட்டுக் கடனுக்கு வட்டி பொதுவாகக் குறைவு, கிரெடிட் கார்டுக்கும் தனிநபர் கடனுக்கும் அதிகம். விற்று வரும் பணத்தில் வட்டி அதிகமான கடன்கள் முழுவதும் தீர்ந்து, வாழவும் ஓர் ஏற்பாடு இருந்தால் விற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதிதான் தீரும் என்றால் அவசரப்படாதீர்கள். அடமானம் இல்லாத கடனுக்காக இருக்கும் கூரையை இழப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாக முடியலாம்.

மனைவிக்கு (அல்லது கணவருக்கு) இதில் விருப்பமில்லை. பிள்ளைகளின் பள்ளி வேறு இருக்கிறது.

முதலில், கடன் முழுவதும் எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமா? பல வீடுகளில் ஒருவருக்குத் தெரிந்த தொகை வேறு, உண்மைத் தொகை வேறு. பாதியை மறைத்துக்கொண்டு ‘ஊரை விட்டுப் போகலாம்’ என்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? எல்லாக் கடனையும் ஒரே தாளில், பெயர், மீதித் தொகை, வட்டி, தவணைத் தேதி என்று எழுதி நடுவில் வையுங்கள். முதல் நாள் பேச்சு கடுமையாகத்தான் இருக்கும். அந்தத் தாள் இல்லாமல் எடுக்கும் எந்த முடிவும் நிற்காது.

பிறகு அவருடைய வருமானம். இருவரும் சம்பாதிக்கும் குடும்பத்தில் ஒருவருக்குப் புதிய ஊரில் வேலை கிடைக்காமல் போனால் கணக்கு தலைகீழாகும். இருவருக்கும் வேலை உறுதியாகும்வரை காத்திருப்பது பெரும்பாலும் சரி.

பிள்ளைகளைக் கல்வியாண்டின் நடுவில் மாற்றாதீர்கள். சில மாத வட்டி கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் காரணத்தை உள்ளபடி சொல்லலாம். ‘நமக்குக் கடன் இருக்கிறது, அடைக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம், இத்தனை வருடம் ஆகும்’ என்பது அவர்களுக்குப் புரியும். பெரியவர்கள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுதான் அவர்களைப் பயமுறுத்தும்.

கடன் கொடுத்தவர்களிடம் முகவரி மாறுவதைச் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் போனால் தொல்லை குறையுமே?

சொல்லுங்கள். தொல்லை குறைவதுபோலத் தோன்றுவது சில மாதங்களுக்குத்தான். ஊர் மாறினால் கடன் தீராது, வட்டியும் அபராதமும் ஓடிக்கொண்டே இருக்கும். நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகும். நீங்கள் வராததால் வழக்கு ஒருதலைப்பட்சமாக முடியக்கூடும். பல நாடுகளின் சட்டத்தில், கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பியதே போதுமானதாக எடுத்துக்கொள்ளப்படும். உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இருந்தால், வசூலிப்பவர் அடுத்து தட்டுவது அவருடைய கதவைத்தான். உங்களை நம்பியதைத் தவிர அவர் வேறெந்தத் தவறும் செய்யவில்லை.

இன்னொரு காரணம் உங்களுக்கு லாபமானது. குடிபெயர்வதற்கு ஒரு மாதம் முன்பே, தவணை தவறுவதற்கு முன்பே, ‘இந்தத் தேதியில் ஊர் மாறுகிறேன், இந்த மாதத்திலிருந்து இவ்வளவு கூடுதலாகக் கட்ட முடியும், இடையில் இரண்டு மாதம் தவணையைக் குறைக்க முடியுமா?’ என்று எழுதிக் கேட்கலாம். தவறிய பிறகு கேட்பவரைவிட, தவறுவதற்கு முன் திட்டத்தோடு வருபவருக்குப் பதில் நன்றாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒத்துக்கொண்டால் அதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பித் தவணையை நிறுத்தாதீர்கள்.

நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று?

நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் ஊரைவிட்டுப் போனவர் என்ற பெயர், கடன் தொகையைவிட நீண்ட நாள் நிற்கும். வட்டி இல்லாத கடன் என்பதற்காக அதைக் கடைசியில் தள்ளவும் கூடாது. மாதம் ஒரு சிறு தொகையாவது அவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கட்டும். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, தேவை இருக்கிறது.

புதிய ஊரில் கூடும் மீதியை எந்தக் கடனில் முதலில் போடுவது?

எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிவிட்டு, கூடுதல் பணம் முழுவதையும் வட்டி அதிகமான ஒன்றில் போடுவதுதான் கணக்குப்படி மிகக் குறைந்த வட்டி. மாதம் 3 சதவீத வட்டியுள்ள கிரெடிட் கார்டு பாக்கி, கட்டாமல் விட்டால் ஆண்டில் 42.6 சதவீதம் ஏறும். வட்டிக்கு வட்டி சேர்வதால் 36இல் நிற்காது. 72ஐ மாத வட்டியால் வகுத்தால், கட்டாத கடன் எத்தனை மாதத்தில் இரண்டு மடங்காகும் என்பது தோராயமாகத் தெரியும். 3 சதவீதத்துக்கு 24 மாதம்.

ஆனால் சிறிய கடன்களை முதலில் முடித்துவிடும் முறைக்கும் ஆதரவு உண்டு. டேவிட் கால், பிளேக்லி மக்ஷேன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடி முடிப்பவர்கள் மொத்தக் கடனிலிருந்தும் வெளிவர வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. ஒரு கணக்கு மூடப்பட்டது என்பது மனத்துக்குத் தெம்பு. என் கருத்து: வட்டி வித்தியாசம் பெரிதாக இருந்தால் அதிக வட்டியை முதலில் அடியுங்கள். ஏறக்குறைய ஒரே வட்டி என்றால் சிறியதை முடியுங்கள்.

ஒன்றை மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டி குறைந்துவரும் அசலின் மேல் போடப்படுகிறதா, தொடக்கத் தொகையின் மேலேயே கடைசிவரை போடப்படுகிறதா? பின்னதில் 12 சதவீதம், 3 வருடம் என்று சொல்லும் கடன், குறையும் அசல் கணக்கில் ஏறத்தாழ 21 சதவீதத்துக்குச் சமம். முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதும் அதே தாளில்தான் இருக்கும்.

ஊர் மாறினேன், செலவு குறைந்தது. ஆனால் கடன் குறையவில்லை. ஏன்?

மிச்சமான பணம் கடனுக்குப் போகவில்லை. குடிபெயர்ந்த பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், கணக்கெல்லாம் சரியாகப் போட்டவர்களும்கூட. அதே வாடகைக்கு இங்கே பெரிய வீடு கிடைக்கிறதே என்று ஓர் அறை கூடுதலாக எடுக்கிறோம். அறை காலியாக இருக்கிறதே என்று கட்டில் வாங்குகிறோம். பழைய ஊரின் நினைப்பு வந்து மாதம் ஒருமுறை போய்வருகிறோம். ஒவ்வொன்றும் சின்னதுதான், நியாயமானதும்கூட. வருடக் கடைசியில் மீதி பழைய 20லேயே நிற்கும்.

வழி ஒன்றுதான். சம்பளம் வரும் நாளிலேயே, மறுநாள்கூட இல்லை, கூடுதல் தொகை தானாகக் கடன் கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் எஞ்சுவதைக் கட்டலாம் என்றால் எதுவும் எஞ்சாது. வீடு தேடும்போதும் ‘எவ்வளவு கொடுக்க முடியும்’ என்று பார்க்காமல், கணக்கில் எழுதிய தொகைக்குள் மட்டும் பாருங்கள்.

கொஞ்சம் பணம் கையில் வைத்துக்கொள்ளலாமா, எல்லாவற்றையும் கடனுக்கே போடுவதா?

ஒரு மாதச் செலவுக்காவது வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஊரில் கைமாற்றுக் கேட்க ஆளிருக்காது. பல் வலி வந்தால்கூட மறுபடி கிரெடிட் கார்டைத் தேட வேண்டியிருக்கும்.

போகாமலே இந்தப் பலன் கிடைக்க வழி உண்டா?

உண்டு, அவற்றை முதலில் முயன்று பார்ப்பதுதான் சரி. அதே ஊரில் சிறிய வீடு, ஓர் அறையை இன்னொருவருக்கு விடுவது, வண்டியை விற்பது. கடன்களை ஒன்றாகத் திரட்டிக் குறைந்த வட்டிக்கு மாற்றுவது இன்னும் பெரிய பலனைத் தரக்கூடும். முதல் உதாரணத்தில் 600 கடனின் வட்டி மாதம் 2இலிருந்து 1 சதவீதமானால், முதல் மாதமே அசலில் 8க்குப் பதில் 14 குறையும், ஒரு பெட்டியைக்கூடக் கட்டாமல். ஆனால் திரட்டிய பிறகு காலியான கிரெடிட் கார்டை மறுபடி நிரப்பினால் இரண்டு கடனாகிவிடும்.

யாருக்கு இந்த வழி பொருந்தாது?

வருமானம் ஊரோடு பிணைந்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. பத்து வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர்களை வைத்துப் பிழைக்கும் தையல்காரருக்கும் மின்பணியாளருக்கும் இடம்தான் முதலீடு. எட்டு, பத்து மாதத்தில் அடைந்துவிடும் கடனுக்காகவும் ஊர் மாறத் தேவையில்லை. மீதியை எவ்வளவு கூட்டினாலும் வட்டியைக்கூடத் தொட முடியாத அளவுக்குக் கடன் இருந்தால், ஊர் மாற்றத்துக்கு முன் கடன் ஆலோசகரையோ வழக்கறிஞரையோ பாருங்கள். பல நாடுகளில் தனிநபர் திவால் சட்டங்கள் அதற்காகவே இருக்கின்றன.

சூதாட்டத்தாலோ குடியாலோ வந்த கடன் என்றால் முதலில் அதற்குச் சிகிச்சை வேண்டும். இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. தெரிந்தவர் யாருமில்லாத ஊரில், தனியாக, கையில் கொஞ்சம் கூடுதல் பணத்தோடு இருப்பது அந்தப் பழக்கத்துக்கு மிக ஆபத்தான சூழல். உங்களைத் தடுக்கக்கூடிய மனிதர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே இருங்கள்.

‘கடனில் மூழ்கி ஊரைவிட்டே போய்விட்டார்’ என்று பேசுவார்களே?

பேசுவார்கள். ஊர் வாயை மூட முடியாது. ஆனால் முகவரி கொடுத்து, தவணை கட்டிக்கொண்டு போகிறவர் ஓடிப்போனவர் இல்லை. கௌரவத்துக்காக அதே வீட்டில் இருந்துகொண்டு, புதுக் கடன் வாங்கிப் பழைய கடனுக்கு வட்டி கட்டுவதுதான் உண்மையில் உடம்பையும் மனத்தையும் அரிக்கும். தனிமையை மட்டும் குறைத்து எடைபோடாதீர்கள். பழைய நண்பர்கள் இரண்டு பேரிடமாவது நிலைமையைச் சொல்லி, வாரம் ஒருமுறை பேசிக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தூக்கமில்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வரும் அளவுக்குப் போனால், கடன் விவகாரத்தை அப்படியே வைத்துவிட்டு அன்றே மருத்துவரையோ நெருங்கியவரையோ பாருங்கள். எந்தக் கடனுக்கும் பேசித் தீர்க்க வழி இருக்கிறது.

கடைசித் தவணை கட்டியதும் என்ன செய்ய வேண்டும்?

பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றிதழை ஒவ்வொரு கடனுக்கும் எழுத்தில் வாங்குங்கள். அடமானமாகக் கொடுத்த பத்திரம், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை இருந்தால் திரும்பப் பெறுங்கள். வங்கியில் செய்து வைத்த தானியங்கிப் பரிமாற்றத்தை நிறுத்துங்கள், அல்லது அதே தொகை சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி மாற்றுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கடன் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து, கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்று பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் சான்றிதழின் நகலோடு திருத்தம் கேட்டு எழுதுங்கள். ஜாமீன் போட்டவருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.

பழைய ஊருக்குத் திரும்புவதா என்பதை அதற்கு அடுத்த வாடகை ஒப்பந்தம் முடியும் நேரத்தில் யோசித்துக்கொள்ளலாம்.